உன் நெஞ்சைப் பார்க்கக் கேட்டவள்

என் கண்ணு அந்தோணிக்கு, அம்மா எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உன்னுடைய கல்யாணத்துக்கு முதல் ஓலையை வாசித்தார்கள். உன் பெயர், உன் அப்பா பெயர், என் பெயர், பிறகு காவேரிப்பட்டினத்து ஸ்டெல்லாவின் பெயர், அவளைப் பெற்றவர்களின் பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று ஃபாதர் வழக்கம்போலச் சொன்னார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். யாராவது எழுந்து, "பையன் நெஞ்சில் கல்லுத் தூசு இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. யார் எழுந்து என்ன சொல்ல முடியும்? நீதான் ஊர் முழுக்க ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறாயே.

வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது கடையில் கூட்டம். ஒரு கையில் தோசைத் திருப்பி, இன்னொரு கையில் போன். "அம்மா, மேஸ்திரி கூப்பிட்டாரு. குவாரியில கல்லு எடுக்க புது முகப்பு தொறந்திருக்காங்களாம். கல்லு தெரிஞ்ச கை வேணுமாம். கல்யாணம் வரைக்கும் வந்து டிரில் ஓட்டிக் குடுத்துட்டுப் போங்கறாரு. போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாய். நான் "அப்புறம் பேசறன்" என்று வைத்துவிட்டேன். கூட்டம் மட்டும் காரணமில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள் என்றாலும் என் கையெழுத்தை வாத்தியார்கள் மெச்சியிருக்கிறார்கள். நம் கடையில் தினமும் இட்லி சாப்பிடும் லாரிக்காரர் ஒருவர் நாளைக்கு ஓசூர் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அறையில் இருக்கும் பையன்கள் படித்தாலும் பரவாயில்லை. நம்ம குவாரிப் பையன்களிடம் காட்டினால் இன்னும் நல்லது. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கல்லு வேலையை விட்டது சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருதரம் நீ சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாய் என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு குவாரிக்கே வந்தேன், நினைவிருக்கிறதா? ஒரு பெரிய பாறையில் நீ வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஆப்பு இறக்கி வைத்திருந்தாய். சம்மட்டியால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தாய். பிறகு எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கல்லின் மேல் காதை வைத்தாய். இன்னும் இரண்டு தட்டு. நம் வீட்டை விடப் பெரிய கல், கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது. உன்னைவிட வயதில் பெரியவர்கள் எல்லாம் கிட்டே வந்து அந்தப் பிளவைத் தடவிப் பார்த்தார்கள். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே இரண்டாவது கரண்டி சட்னி ஊற்றினேன். உன் அப்பா, "இன்னிக்கி என்னா, கடையே தானமா?" என்று கேலி செய்தார்.

ஆனால் அன்றைக்கு உன் முகத்தில் படிந்திருந்த தூசின் வெள்ளையை நான் இன்னொரு முகத்தில் வருடக்கணக்காகப் பார்த்தவள். கல்யாணமான புதிதில் உன் அப்பா வேலை முடிந்து வந்தால் கண்ணும் பல்லும் மட்டும்தான் அவருடையதாக இருக்கும். மற்றதெல்லாம் கல். டிரில்லுக்குத் தண்ணீர்க் குழாய் அப்போதும் உண்டு. தண்ணீர் விட்டு ஓட்டினால் தூசு சேறாகிக் கீழே வழிந்துவிடும். ஆனால் சேறு மேலெல்லாம் தெறிக்கும், துளையில் உளி சிக்கும், வேலை மெதுவாகும். எத்தனை அடி துளை என்று அளந்து கூலி கொடுத்த காலம் அது. வெயில் காலத்தில் குடிக்கவே தண்ணீர் இருக்காது. அதனால் எல்லோரும் குழாயை மூடிவிட்டு உலர ஓட்டினார்கள். பக்கத்தில் கம்ப்ரசரின் டீசல் புகை, வெடி வைத்த அன்று வெடிப் புகை, அது அடங்குவதற்குள் உள்ளே இறங்குகிறவன்தான் கெட்டிக்காரன். வாயில் ஈரத்துண்டு. சாயங்காலம் எல்லோருக்கும் ஒரு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தூசு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று முதலாளியும் நம்பினார், மேஸ்திரியும் நம்பினார், நானும் நம்பினேன். அது போதாதென்று சந்தையில் நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கி நான் வேறு சோற்றோடு கட்டிக் கொடுப்பேன். தொண்டைக்குள் போவது ஒரு வழி, மூச்சில் போவது வேறு வழி என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

எங்கள் கல்யாணம் முடிவான கதையை உன் அப்பா உனக்கு அவர் பாணியில் சொல்லியிருப்பார். என் பாணியில் கேள். கல்லு வேலைக்காரன் பெண் கேட்டு வந்தால், பெண் வீட்டார் சம்பளம் கேட்பதற்கு முன்னால் அவனை மேடு ஏற்றிப் பார்ப்பது நம்ம பக்கத்து வழக்கம். வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். "மாப்ளே, வாங்க, அந்தப் பாறை மேல இருந்து பாத்தா ஊரே தெரியும்" என்று யாராவது ஒரு மாமா கூட்டிக்கொண்டு போவார். வழி நெடுக விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே போவார். பையன் மூச்சு வாங்காமல் பதில் சொன்னால் இறங்கி வந்ததும் பலகாரம். மூச்சு வாங்கினால் "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று அனுப்பிவிடுவார்கள். உன் அப்பாவை என் தாய்மாமன் கூட்டிக்கொண்டு போனார். இவர் பதில் சொன்னதோடு நிற்காமல் மேலே போய் ஒரு பாட்டும் பாடிவிட்டு, இறங்கும்போது என் மாமனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார். என் மாமனுக்குத்தான் மூச்சு இளைத்தது. "பையன் குதிர மாதிரி இருக்கான்" என்று சொல்லி அன்றே தட்டு மாற்றினார்கள். இவர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே டிரில் பிடித்தவர். அன்றைக்கே தூசு உள்ளே உட்கார்ந்திருக்கும். மேடு ஏறிக் காட்டினால் அது தெரியாது. தெரிகிற காலம் வரும்போது மேடு ஏறவே முடியாது. இது தெரியாமல் நம்ம பக்கத்தில் எத்தனை பெண்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நீ கண்ணால் பார்த்தது. இருமல் வந்தது, உடம்பு இளைத்தது. டி.பி. என்றார்கள். மாத்திரை சாப்பிட்டார், முடித்தார். மறுபடி இருமல், மறுபடி டி.பி. என்றார்கள், மறுபடி மாத்திரை. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மாதான் முதல்முதலாக, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, நாங்களாகச் சொல்லவும் தோன்றவில்லை. கால் வீங்க ஆரம்பித்தபோது அவர்தான் படம் போட்டு விளக்கினார். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் கல்லுத் தூசால் தடித்துப் போயிருக்கிறது, அதற்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலது பக்கம் களைத்து வீங்கிவிட்டது, அதனால்தான் கால் வீக்கம் என்றார். உன் அப்பா, "அப்ப இருதயத்துக்கும் அடிக் கணக்குல கூலி தானுங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

இந்த மனிதரைப் பற்றி நான் உன்னிடம் நிறையச் சொன்னதில்லை. சண்டை போட்டதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். கடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. லாரியில் போகும் கல்லின் நிறத்தைப் பார்த்தே எந்தக் குவாரியிலிருந்து வருகிறது என்று சொல்வார். தெலுங்குக்காரர்களோடு தெலுங்கு, கன்னடக்காரர்களோடு கன்னடம், யாரானாலும் பேச்சு கொடுத்து உட்கார வைத்துவிடுவார், எனக்கு வியாபாரம். மூச்சு குறைந்ததும் பேச்சைச் சின்னதாக்கிக்கொண்டார், கேலியை மட்டும் விடவில்லை. "எனக்கு ஏன் இப்படி" என்று அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபடவே. அவரை நான் வியக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். அவரிடம் வாசித்துக் காட்டமாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

இப்போது உன் பெண் பார்த்த கதைக்கு வருகிறேன். காவேரிப்பட்டினத்தில் ஸ்டெல்லா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவால் வர முடியாது என்று நானும் நீயும் மட்டும். அவள் மாமா எழுந்து, "மாப்ளே, வாங்க, ஆத்தங்கர வரைக்கும் ஒரு நட போயிட்டு வரலாம்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே மேடு இல்லை, அதனால் நடை. நீயும் சிரித்துக்கொண்டே எழுந்தாய். அப்போதுதான் டீத்தட்டோடு வந்த ஸ்டெல்லா, "நட எல்லாம் வேணாம் மாமா" என்றாள். தட்டை வைத்துவிட்டு உன்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க டிரில் ஓட்டறீங்கன்னு சொன்னாங்க. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்திருக்கீங்களா?"

அவள் குரலில் திமிர் ஏதும் இல்லை, நான் எவ்வளவோ தேடிப் பார்த்தேன். "தப்பா எடுத்துக்காதீங்க. ஓசூர்ல எங்க கம்பெனியில எங்களுக்கு வருசா வருசம் எடுக்கறாங்க. மூச்சு அளக்க ஒரு குழாயில ஊதவும் சொல்றாங்க. உங்க குவாரியில அப்பிடி இருக்குதான்னு கேட்டன்" என்றாள்.

"நாங்க பொண்ணு பாக்க வந்தோம்மா, ஆஸ்பத்திரிக்கு வரல" என்று நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். நீதான், "எடுக்கலீங்க" என்றாய். "எடுத்துட்டு வாங்க. என்னோடதயும் கொண்டாந்து காட்டறன்" என்றாள் அவள். அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், மனிதர் சிரிக்கிறார், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "இத மாதிரி ஒருத்தி... அன்னிக்கி உங்க வீட்டுல இருந்திருந்தா... நான் தப்பிச்சிருப்பன்" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, சிரிப்பில்லாமல், "போய் எடுடா" என்றார். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை கண்ணு. அத்தனை வருடம் உன் துண்டை அலசிப் போட்டவள் நான், அந்தத் தண்ணீர் வெள்ளையாக ஓடுவதைப் பார்த்தவள் நான். கேட்கப் பயந்து நான் கேட்காத கேள்வியை முன்பின் தெரியாத பெண் டீ கொடுக்கும் நேரத்தில் கேட்டுவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

எக்ஸ்ரே படம் எடுத்தோம். அதே டாக்டரம்மா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னச் சின்னப் புள்ளிகளைக் காட்டினார். "ஆரம்பம்தான். இத கரைக்க மருந்து இல்லப்பா. இனிமே தூசு உள்ள போகக் கூடாது. வருசா வருசம் வந்து காட்டணும். அப்பிடி இருந்தா ரொம்ப காலம் நல்லா இருக்க வாய்ப்பு இருக்கு. நிச்சயமான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது" என்றார். "தண்ணி விட்டு ஓட்டினா?" என்று நீ கேட்டாய். "மத்தவங்களுக்கு அது நல்லது. உனக்கு இனிமே கொஞ்சம்கூட வேணாம்" என்றார். அவர் சொன்னதில் வளைத்துப் பொருள் சொல்ல இடமே இல்லை. மேஸ்திரி கூப்பிடும்போது இதை நினைத்துக்கொள்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நான் உன்னிடம், "அவங்க கேட்டா லேசா சளின்னு சொல்லிடலாம்டா" என்றேன். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள், அதற்காக நான் இப்போதும் தலைகுனிந்து நிற்கப் போவதில்லை. நீ, "அப்பாவுக்கும் சளின்னுதாம்மா மொதல்ல சொன்னாங்க" என்றாய். அவ்வளவுதான். காவேரிப்பட்டினம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினாய். பயமும் கோபமுமாக நின்றிருந்த எனக்கு, பஸ் திரும்பி மறைந்ததும் ஒரு நினைப்பு வந்தது. இவனை நான்தான் பெற்றேனா என்று. இவ்வளவு நேர்மையான பிள்ளை எனக்கு எப்படி வந்து பிறந்தது என்று.

அங்கே நடந்ததை ஸ்டெல்லாதான் பிறகு சொன்னாள். அவள் அப்பா படத்தைத் தொடக்கூட இல்லையாம். "வேணாம்பா, வேற எடம் பாத்துக்க" என்றாராம். இவள் உள்ளே போய் தன்னுடைய படத்தை எடுத்து வந்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாளாம். "பாத்து எனக்கு என்ன தெரியும் அத்தே, சும்மா பிடிச்சுக்கினு நின்னன்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு, "வேலய விடுவீங்களா?" என்று கேட்டாளாம். நீ, "விடறன்" என்றாயாம். அதற்கு அவள், "எனக்காக விடாதீங்க. நாளைக்கி சண்ட வந்தா அத சொல்லிக் காட்டுவீங்க. உங்களுக்காக விடுங்க" என்றாளாம். இதைக் கேட்ட அன்றிலிருந்து நான் அவளைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அவள் அப்பா அப்புறம் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வடையைக் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. எழுந்திருக்கும்போது, "உங்க பையன் மறச்சிருந்தா நான் குடுத்திருக்க மாட்டன். படத்த தூக்கிக்கினு அவனே வந்தான் பாருங்க, அதுக்காகத்தான்" என்றார். அப்புறம்தான் வடையை எடுத்தார்.

நீ செய்ததிலேயே பெரியது இன்னொன்று இருக்கிறது. அது உனக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குவாரிக்குக் கடைசி நாள் போனபோது அந்தப் படத்தையும் கொண்டுபோய்க் கூட வேலை செய்யும் பையன்களிடம் காட்டினாய். "எனக்கு ஒண்ணும் பண்ணலடா, மூச்சு வாங்கல, இருமல் இல்ல, அப்பவும் பாரு" என்று சொன்னாயாம். மறுவாரம் அவர்கள் ஒவ்வொருவராகப் போய் எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு உன்னைப் போலவே. அதற்குப் பிறகு தண்ணீர் இல்லாமல் டிரில்லைத் தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி கத்தினார், ஆளை மாற்றுவேன் என்றார். அப்புறம் தண்ணீர் டேங்கர் வந்தது. இப்போது பையன்கள் சாயங்காலம் கடைக்கு வரும்போது பேண்ட்டெல்லாம் சேறு. "அம்மா, உங்க பையனால நாங்க தெனம் சேத்துல குளிக்கறோம்" என்று என்னைச் சீண்டுகிறார்கள். "குளிங்கடா, நல்லா குளிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். உன்னைக் கூப்பிடும் மேஸ்திரிக்குக் கல்லு தெரிந்த கை வேண்டும், அது உண்மைதான். ஆனால் நீ போய் நின்றால் அந்தப் பையன்கள் என்ன நினைப்பார்கள் என்றும் பார். இவனே வந்துவிட்டான், அப்ப பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே?

ஓசூரில் அந்தக் கம்பெனி வேலையில் உனக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பதைத் தொடப் போகிறவன் டிரெயினி. மீசை சரியாக முளைக்காத பையன், "அண்ணா, அந்த ட்ரேய தொடச்சி வைங்க" என்கிறான். நீ துடைத்து வைக்கிறாய். குவாரியில் நீ கையை உயர்த்தினால் கம்ப்ரசர் நிற்கும், இங்கே மிஷினைத் தொடுவதற்கே இன்னொருவனைக் கேட்க வேண்டும். போனில் இதைச் சொல்லும்போது உன் குரல் உள்ளே போய்விட்டது. அந்தப் பையனுக்கு நீ எதை விட்டுவிட்டு வந்து அந்த ட்ரேயைத் துடைக்கிறாய் என்று தெரியாது. எனக்குத் தெரியும். கல்லைப் பிளப்பதற்கு உனக்கு நல்ல கை வேண்டியிருந்தது. இதற்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. உன் அப்பாவிடம் கேட்டேன், அவன் ரொம்பக் கூச்சப்படுகிறானே என்று. "நானும் மொதல்ல... கல்லுதான் பொறுக்கிப் போட்டன்" என்றார். "கல்யாணம் வரைக்கும்" என்று மேஸ்திரி சொன்னதாகச் சொன்னேன். அவர், "என்னையும் அப்பிடித்தான்... இந்த முகப்பு முடியற வரைக்கும்னு" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருமல் வந்தால் அவளிடம் மறைக்காதே. உன் அப்பா கடைக்குப் பின்னால் போய், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமுவார், நான் பயப்படுவேன் என்று. நான் கேட்டும் கேட்காத மாதிரி பாத்திரம் தேய்ப்பேன், அவர் வருத்தப்படுவார் என்று. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாசம் வைத்தே காலத்தை வீணடித்தோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வருடத்துக்கு ஒருதரம் படம் எடுக்க இரண்டு பேருமாகப் போங்கள், திரும்பும்போது நல்ல பிரியாணி சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதையும் ஒரு பண்டிகை மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். டீ குடிக்கிற இடத்தில் பையன்கள் பீடி சிகரெட் நீட்டினால் வாங்காதே. அவளுக்கும் எனக்கும் வாய் அதிகம், நாங்கள் மோதிக்கொள்வோம். நடுவில் வந்து நிற்காதே, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இனி ஒன்றுதான் பாக்கி. போனில் சொல்ல முடியாமல் இவ்வளவு பக்கம் எழுதியதே அதற்காகத்தான். சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா தனியாக நம் வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். ஷிப்ட் முடிந்து ஊருக்குப் போகும் வழியில், உன் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினாளாம். பேசிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பாவுக்கு மூச்சு பிடித்துக்கொண்டது. நான் எப்போதும் செய்கிற மாதிரிதான் செய்தேன். நாற்காலியைத் திருப்பி, முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, அவரை அதில் கவிழ்த்துச் சாய்த்தேன். கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டு, மருந்தை உறிஞ்ச வைத்து, முதுகில் கை வைத்து, "மெதுவா, வாயக் குவிச்சி விடுங்க, மெதுவா" என்று என் மூச்சை அவருக்குக் கேட்கிற மாதிரி விட்டுக்கொண்டே நின்றேன். உதடு நிறம் திரும்புகிற வரைக்கும் நின்றேன். அவள் விசிறியை எடுத்து வீசினாள், பதறவில்லை. அவர் தூங்கிப்போன பிறகு அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"அத்தே, எனக்கு அத சொல்லிக் குடுங்க" என்றாள்.

"எத?"

"இப்ப மாமாவுக்கு செஞ்சீங்களே, அது. எப்பிடி சாய்க்கணும், எங்க கை வைக்கணும். தெரிஞ்சி வெச்சிக்கறன்."

அவள் உன்னை நம்பாமல் கேட்கவில்லை கண்ணு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், எது வந்தாலும் உன் பக்கத்தில் நிற்பதற்குத் தயாராக வந்து கேட்கிறாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சாப்பிட வைத்தேன். குருபரப்பள்ளி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். ஆனால் அவள் கேட்டதை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இனியும் சொல்லிக் கொடுக்கமாட்டேன், அது அவளுக்குத் தேவைப்படவே கூடாது. அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்கிறாய் என்பதை நீ பார்த்துக்கொள்.

உன் அம்மா